லயத்துக் கக்கூஸும் மூச்சுப் பரிசோதனையும்: ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சின் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று மூச்சை ஊதியே கண்டுபிடித்துவிடலாமாம். பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மாமா வந்து கேட்டார்: "டீச்சர், டவுன்ல பொலிஸ்காரன் ட்ரைவர்மார ஊதச் சொல்றானே பலூன், அது மாதிரியா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அம்மாவின் ஓர் இரவு ஞாபகம் வந்தது.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இரத்தம் குறைவு என்று பல வருஷம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார். அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும் என்று சொல்லியிருந்ததால், நிறம் மாறியதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. அப்புறம் சிவப்பாகவே போனது. அதையும் எங்களிடம் சொல்லவில்லை. ஒருவழியாக வாய் திறந்தபோது, மூலம் என்று ஒரு களிம்பு கிடைத்தது. அதில் ஒன்றரை வருஷம் போனது.

கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரியில் கொலொனோஸ்கோபிக்கு, அதாவது குழாய்க் கமராவை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, திகதி கொடுத்தார்கள். முதல் நாள் மாலையிலிருந்து பேதி மருந்துப் பொடியை லீற்றர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எப்படிக் குடிப்பது என்ற துண்டு சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் பிழைத்தோம். எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் லயத்துக் கோடியில், படி இறங்கிப் போக வேண்டும். ஐந்து குடும்பத்துக்கு ஒன்று. அன்றைக்கு மழை. தலையில் பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு, நான் டோர்ச் அடிக்க, அம்மா பதினொரு தடவை இறங்கி ஏறினார். ஆறாவது தடவை கக்கூஸ் வரைக்கும் தாங்கவில்லை. விடியப்போகும் நேரத்தில், பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஆட்கள் கிளம்புவதற்கு முன்னால், வயிறு காலியாகி நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனுஷி வாளியும் விளக்குமாறுமாக நின்று படியைக் கழுவினார். என்னைத் தொட விடவில்லை. அதற்குப் பிறகுதான் முதல் பஸ்.

கட்டி இருந்தது. வெட்டி எடுத்தார்கள். அம்மா இருக்கிறார், அது எங்கள் அதிர்ஷ்டம்.

இதைப் பார்த்தவளுக்கு, ஊதினால் போதும் என்ற செய்தி எவ்வளவு இனிக்கும் என்று உங்களுக்குப் புரியும். அதனால்தான் தேடி வாசித்தேன். விஷயம் கதையல்ல. குடலில் வளரும் கட்டியும் அங்கே வாழும் நுண்ணுயிர்களும் சில ஆவியாகும் பொருட்களை உண்டாக்குகின்றன. அவை இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சில் வெளியேறுகின்றன. அளவு மிக மிகக் குறைவு, நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில். மூச்சில் இருநூற்றுக்கு மேற்பட்ட பொருட்கள் இருப்பதை அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் பாலிங் 1971இலேயே காட்டிவிட்டார். 2011இல் ஜப்பானில் பழக்கிய லப்ரடோர் நாயொன்று, பைகளில் பிடித்த மூச்சை முகர்ந்து, 36 தடவையில் 33 தடவை குடல் புற்றுநோயாளியின் பையைச் சரியாகக் காட்டியது. 2013இல் இத்தாலியின் பாரி நகரத்து வைத்தியர்கள் 37 நோயாளிகளையும் நோயில்லாத 41 பேரையும் ஊதவைத்து, 15 பொருட்களின் சேர்க்கையை வைத்து நூற்றுக்கு 75க்கு மேல் சரியாகப் பிரித்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் இந்த வேலை நடக்கிறது. வயிற்றுப்புண் கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை ஏற்கெனவே உலகமெங்கும் கிளினிக்கில் இருக்கிறது. ஆனால் அங்கே தேடுவது நாமே குடிக்கக் கொடுத்த ஒரு பொருளின் அடையாளத்தை. குடல் புற்றுநோயிலோ பல மெல்லிய வாசனைகளின் கூட்டத்தில் ஒரு கோலத்தைத் தேட வேண்டும். இன்னும் அது ஆய்வில்தான் இருக்கிறது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மூச்சில் வருவது நோய் மட்டுமல்ல. ராத்திரி சாப்பிட்டது, புகைத்தது, அந்த அறையின் காற்று எல்லாம் வரும். எங்கள் லயக்காம்பராவில் விறகு அடுப்பு எரிகிறது. சுவரெல்லாம் கரி. அம்மாவின் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இல்லாத நாள் கிடையாது. பாரியிலும் லண்டனிலும் ஊதிய மூச்சை வைத்துப் பழக்கிய கருவி, இந்த மூச்சை என்னவென்று படிக்கும்? ஆகவே, இலங்கையில் இப்படி ஓர் ஆய்வு என்றைக்குத் தொடங்கினாலும் தோட்டத்து ஆட்களையும் சேருங்கள். சம்மதப் படிவம் எங்கள் தமிழில் இருக்கட்டும். கொழும்பில் சோதித்து முடித்து, சரி என்று முத்திரை குத்தி மேலே அனுப்ப வேண்டாம்.

ஆனால் இந்த மடல் பலூனைக் கேட்டு எழுதியதல்ல. பலூன் வந்து, ஊதி, சந்தேகம் என்று தெரிந்தாலும் அடுத்த படி அதே கொலொனோஸ்கோபிதான். அதே பொடி, அதே துண்டு, அதே கக்கூஸ். தொலைவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வேலை விட்டுப் போனால் அந்த நாளுக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. ஊதுவது எவ்வளவு சுலபமானாலும் இந்த இடத்தில் ஆட்கள் நின்றுவிடுவார்கள். அம்மாவே முதல் திகதியைத் தவறவிட்டவர். சம்பளத்தில் தீபாவளி முற்பணம் வெட்டிக்கொண்டிருந்த மாதம் அது.

அதனால் கேட்கிறேன். கொலொனோஸ்கோபிக்கு வரும் தோட்டத்து ஆளுக்கு முதல் நாள் ராத்திரியே வார்ட்டில் ஒரு கட்டில் கொடுங்கள், கக்கூஸுக்குப் பக்கத்தில். பொடி குடிக்கும் துண்டைத் தமிழில் அச்சடியுங்கள். அந்த இரண்டு நாளுக்கும் பேர் விழ தோட்ட நிர்வாகங்களுடன் பேசுங்கள். தொழிற்சங்கங்களும் பேசலாம், சம்பள நாளில் மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டமில்லை.

மூச்சுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடிய பரிசோதனையும் இருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தைக் கண்டுபிடிப்பது. சிறு குச்சியால் தொட்டு, குப்பியில் போட்டு மூடினால் முடிந்தது. பத்தியம் வேண்டாம். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ஒரு சிறு சதை மொட்டாகத் தொடங்கி, பத்து வருஷம் போல எடுத்துத்தான் புற்றாகிறது. மொட்டாக இருக்கும்போதே கண்டால் கொலொனோஸ்கோபியிலேயே கிள்ளி எடுத்துவிடலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் 50 வயது தாண்டியவருக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதும்போது கூடவே ஒரு குப்பியும் கொடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்படுவார்கள்தான். கிளினிக்கில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்காமல், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் அக்கா தனியாகக் கொடுத்தால் வாங்குவார்கள். எங்கள் பெண்களை எனக்குத் தெரியும்.

என் சித்திக்கு 58 வயது. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, அதனால் அவருக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். சின்னச் சின்ன மலையில் இன்னும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். போன வாரம் டிஸ்பென்சரியில் இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவர் எந்த நாளில், எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி