கரிமூட்டத்துக்குக் காவல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். தங்கையும் பேரனும் சுகம்தானே? சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இத்துடன் வரும் பொட்டலத்தில் ஒரு ஸ்பேனர் இருக்கும். பிரித்தவுடன் 'இவனுக்கு மூளை கலங்கிவிட்டது' என்று தங்கையைக் கூப்பிடாதே, முழுக்கப் படி.

போன வாரம் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனேன். ஆமாம், உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "61 வயதில் எதற்கு பைக், காரில் போகலாம், நானும் வருகிறேன்" என்பாய். பிறகு பால்பாண்டி வருவான். பிறகு அவனுடைய சைக்கிள் பம்ப் கதை வரும்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார் வரை ராஜா மாதிரிப் போனேன். சாயல்குடி தாண்டியதும் பொழுது சாய்கிற நேரம். சர்க்கரை உடம்பல்லவா, மண்பாதையில் வண்டியை இறக்கிவிட்டு ஒதுங்கினேன். திரும்பி வந்தால் பின் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. சீமைக்கருவேல முள்! நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னபோது அரிவாளோடு கிளம்பியவன் நீ. "விறகாவது கிடைக்கிறதே, பாவம்" என்று பரிந்து பேசியவன் நான். அந்த நன்றி கொஞ்சமாவது வேண்டாமா அந்த மரத்துக்கு?

என் கருவிப் பையில் ஒரு பழந்துணியும் இன்சூரன்ஸ் நகலும்தான் இருந்தன. தூரத்தில் புகை தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அதை நோக்கிப் போனேன். சீமைக்கருவேல விறகைக் கரியாக்கும் கரிமூட்டம். ஆள் உயரத்துக்கு மண் பூசிய மேடு, அதன் துளைகளில் வெள்ளைப் புகை. முப்பது வயதுக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றார். கயிற்றுக் கட்டிலில் ஓர் ஆத்தா. கண் சரியாகத் தெரியாது, இடுப்பும் போய்விட்டது. அந்தத் தம்பி என்னிடம் ஊர் பேர் எதுவும் கேட்கவில்லை. டி.வி.எஸ். 50இலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து சக்கரத்தைக் கழற்றிவிட்டார். சாயல்குடியில் பஞ்சர் கடைக்காரர் வீட்டைத் தட்டி எழுப்பினால் போட்டுக்கொடுப்பாராம்.

பிறகு மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, நான் வரும்வரை மூட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே விறகு வெந்து அமுங்கும்போது மேல்மண் வெடிக்கும். வெடிப்பில் காற்றுப் போனால் கரி சாம்பலாகிவிடும். நெருப்பு தெரிந்தால் உடனே ஈரமண்ணை அப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை, 32 வருடம் கேஷியராக இருந்தவன் நான். பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று மேனேஜரிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. அதுதான் எனக்குத் தெரிந்த நம்பிக்கை. இங்கே ஒரு மனிதர் தன் பத்து நாள் உழைப்பையும் தாயையும் முன்பின் தெரியாத என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார், அதுவும் என் பஞ்சருக்காக!

மூன்று மணி நேரம். அந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பயம் என்றால் அப்படியொரு பயம். வருடக் கடைசிக் கணக்கில் பணம் குறைந்தபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. ஆத்தா கட்டிலில் படுத்தபடி மூக்கால் வேலை வாங்கினாள். "மேற்குப் பக்கம் வாடை மாறுகிறது, போய்ப் பார்" என்பாள். போனால் அங்கே நூல் மாதிரி ஒரு வெடிப்பு இருக்கும். ஒருமுறை அவள் கண்ணயர்ந்துவிட்டாள். நானும் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பினால் மேற்கு மூலையில் சிவப்பாக ஒரு வாய் திறந்திருக்கிறது. வெறுங்கையாலேயே மண்ணை அள்ளி அப்பினேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

தம்பி வந்து மூலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு கூடை மண் போட்டார். சக்கரத்தை மாட்டிக்கொடுத்துவிட்டு, இருட்டில் போகவேண்டாம், படுங்கள் என்றார். விடியற்காலையில் 500 ரூபாய் நீட்டினேன். பஞ்சர் கடைக்குக் கொடுத்த 150ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். நான் வற்புறுத்தியதும் ஆத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இரவெல்லாம் மண் அள்ளினாயே, அதற்கு நாங்கள் உனக்குக் கூலி தந்தோமா?" என்றாள். பையில் மடித்துவைத்தேன், வேறென்ன செய்ய?

ராமநாதபுரத்தை விடியற்காலையில் கடந்தேன். உன் தெரு முனையில் வண்டி தானாகவே மெதுவானது. முகமெல்லாம் கரி, சட்டையெல்லாம் சேறு, வாசல் தெளிக்கும் தங்கை அலறுவாள் என்று நேராகப் போய்விட்டேன். அரிச்சல்முனையில் கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்றுகொண்டும் மேற்கு மூலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைப் பார்க்க மதுரை வழியாகத் திரும்பினேன். வீட்டில் பையைக் கொட்டினால் உள்ளே அந்தத் தம்பியின் ஸ்பேனர். இரவெல்லாம் "தம்பி", "அண்ணே" என்றே பேசியதில் அவர் பெயரைக் கேட்கவில்லை. சாயல்குடியிலிருந்து ஏர்வாடி போகிற வழியில், இடது பக்கம், தலையில்லாத ஒற்றைப் பனை நிற்கும் மண்பாதை. மூட்டத்தைப் பிரித்துவிட்டால் வேறு காட்டுக்குப் போய்விடுவார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காதே. அரிவாளைப் பற்றி அங்கே வாய் திறக்காதே. ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு, மேற்கு மூலையில் எத்தனை மூட்டை சாம்பலானது என்று மெதுவாக விசாரித்து எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன்,
கரிமுகத்தான்