இரைச்சல் அல்ல, மூச்சு

ஆசிரியருக்கு வணக்கம். ஜாஸ் கிதார் கலைஞர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சன்னி ஷராக்கை 'இரைச்சல் வாசிப்பவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆஸினிங்கில் பிறந்த அவர் ஆசைப்பட்டது சாக்ஸபோனுக்கு. ஆஸ்துமா விடவில்லை, கிதாரை எடுத்தார். கம்பிகளில் அவர் எழுப்பும் அந்த அலறல், ஊத முடியாமல் போன சாக்ஸபோனின் குரல்தான். எனக்கும் சிறு வயதில் இழுப்பு உண்டு. புல்லாங்குழல் வகுப்பை மூன்றே மாதத்தில் விட்டேன். 1991-இல் வெளியான 'ஆஸ்க் த ஏஜஸ்' ஆல்பத்தில் ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனோடு இவருடைய கிதார் சேரும் இடத்தை முதன்முதலில் கேட்டபோது எது ஊதல், எது மீட்டல் என்று சில நொடிகள் பிடிபடவில்லை. கண் கலங்கிவிட்டது.

புகழ்பெற்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1971 ஆல்பமான 'ஜாக் ஜான்சன்'-இல் வாசித்தும் அதில் ஷராக்கின் பெயர் போடப்படவில்லை. நடுவில் வாய்ப்பில்லாமல் கார் ஓட்டிப் பிழைத்தார். அப்புறம் 1986-இல் 'லாஸ்ட் எக்ஸிட்' குழுவோடு மீண்டு வந்தவர், 1994-இல் 53 வயதில் மறைந்தார். இத்தகைய கலைஞர்களைப் பற்றி எழுதும்போது, வாசகர் முதலில் கேட்க வேண்டிய ஒரு பாடலின் பெயரையும் அதில் வாசித்த அத்தனை பேரின் பெயர்களையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடுங்கள்.