போலீஸ் வேலைக்காக ரிசர்வ் படையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் போலீஸ் வேலையை மனத்தில் வைத்து ராணுவ ரிசர்வில், அதாவது தேவைப்படும்போது அழைக்கப்படும் பகுதிநேரப் படையில், சேர நினைக்கும் இளைஞர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி என்று கேட்டால் சுலபமாகத்தான் தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தின் மொத்தக் காலம் பொதுவாக 8 ஆண்டுகள். நடுவில் அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிய வேண்டும். நாட்டுக்கு உழைக்கும் ஆசை இருந்தால் தாராளமாகச் சேரட்டும், விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது முன்னாள் படைவீரர்களுக்குத் தரும் முன்னுரிமை தானாகக் கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் எனக்குக் கவலை தருகிறது. மத்திய அரசு வேலைகளில், பயிற்சிக்காக மட்டும் படையில் இருந்த காலத்தை அதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு இது தெரியவந்தால் மனசு உடைந்துவிடும். மாநில, நகரக் காவல் துறைகளின் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். சேர விரும்பும் துறையிடமே முதலில் கேளுங்கள்.

அப்புறம், ராணுவ போலீஸ் பிரிவுதான் வேண்டும் என்பதில்லை. மருத்துவ உதவி, மொழி, உளவுத் தகவல் ஆய்வு ஆகியவையும் பின்னால் கைகொடுக்கும். ராணுவ போலீஸ் பயிற்சி முடித்தவர்களும் பெரும்பாலும் போலீஸ் அகாடமிக்குப் போயே ஆக வேண்டும்.

வேலையில் சேர்ந்தபின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. படைப்பணிக்குப் போய்த் திரும்புபவருக்கு, பொதுவாக மொத்தம் 5 ஆண்டுகள் வரை, வேலையும் பணிமூப்பும் காக்கப்படும். புறப்படும் முன் மேலதிகாரியிடம் தகவல் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்