பாப்பாவுக்கு, கேமரா விஷயமாக

செல்லப் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம், போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கத்து.

நீ விட்டுப்போன நிக்கான் கேமரா ஞாபகம் இருக்கிறதா? அலமாரியில் உன் பழைய பள்ளிச் சீருடைக்கு அடியில் கிடந்தது. ஓய்வுபெற்ற பிறகு எத்தனை நாள்தான் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பது? சமூக மன்றத்தில் கேமரா வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான்கு சனிக்கிழமை. பயிற்சி வகுப்புகளில் சேர ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் அரசாங்கம் கொடுத்த 500 வெள்ளி தொடாமலே கிடந்தது, அதில் சேர்ந்துவிட்டேன். "பாப்பா சாமானைத் தொடாதீங்க" என்று அம்மா அன்றைக்கே சொன்னாள். சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை.

வகுப்பில் ஒன்பது பேர். ஆசிரியர் இருபது நிமிடம் பேசுவார், அப்புறம் கேமராவைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று விரட்டிவிடுவார். அது எனக்குப் பிடித்தது. முதல் வாரம் அறையின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சால் காற்றில் எழுதச் சொன்னார். கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கும், வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, அதாவது ஷட்டர், 30 வினாடி திறந்திருக்கும். ஒருவர் பொத்தானை அழுத்துவார், ஒருவர் வினாடியை எண்ணுவார், ஒருவர் எழுதுவார். எழுதுகிறவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அசைந்துகொண்டே இருந்தால் படத்தில் விழவே மாட்டார், வெளிச்சம் மட்டும்தான் விழும். ஒரு சீன ஆன்ட்டி தன் குடும்பப் பெயரை எழுதினார். பாவம், ஒவ்வொரு கோடு முடிந்ததும் டார்ச்சைக் கையால் மூடி, அடுத்த இடத்துக்குப் போய்த் திறக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கையெடுக்காமல் ஒரே சுழியில் 'அ' போட்டுவிட்டேன். படத்தில் இடம் வலமாகத் திரும்பி நின்றது! கேமராவைப் பார்த்தபடி எழுதினால் அப்படித்தான் விழுமாம், அப்புறம் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாரம் சிராங்கூன் சாலை. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு எதிரே வரிசையாக நிற்க வைத்து, ஓடும் வண்டியைப் படம் பிடிக்கச் சொன்னார். ஷட்டரை 1/30 வினாடியில் வைத்து, வண்டி வரும் வேகத்துக்கே இடுப்பைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. சரியாக அமைந்தால் வண்டி தெளிவாக நிற்கும், பின்னால் நகைக்கடை, பூக்கடை எல்லாம் கோடுகோடாக ஓடும். எல்லாரும் டாக்ஸியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். நான் 147ஆம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். 27 வருடம் பஸ் ஓட்டியவனுக்கு, எந்த இடத்தில் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை விடுவான், எங்கே ஸ்டாப்புக்கு ஒதுங்குவான் என்று சொல்லியா கொடுக்க வேண்டும்? படம் எடுக்கும்போது என் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது, நம்புவாயா? மூன்றாவது பஸ்ஸிலேயே கிடைத்துவிட்டது. பச்சை டபுள் டெக்கர், கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் முகம்கூடத் தெரிகிறது. ஆசிரியர் என் கேமராவை வாங்கி எல்லாரிடமும் காட்டினார்.

அந்தக் குஷியில்தான் வினை. விடாமல் அமுக்கியதில் கார்டு நிறைந்துவிட்டது. உன் படங்களை நீ எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருப்பாய் என்று நினைத்து, சிவப்புக் குறி போட்ட இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கி கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். அதற்கு மேல் அறுபது படம் வேறு எடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோதுதான், நீ காப்பி எடுக்காமல் போனது தெரிந்தது.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு போன் செய்தேன். "அங்கிள், கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள்" என்றான். ஃபார்மட் என்பது பட்டியலைக் கிழிக்கிற மாதிரிதானாம். படங்கள் அங்கேயேதான் இருக்கும், புதுப் படம் அதன் மேல் வந்து உட்காரும்வரை. இரண்டு மாலை உட்கார்ந்து 214 படங்களை மீட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை, தேக்காவில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

முன்னால் எடுத்தவைதான் முதலில் அழிந்திருக்கின்றன. அதாவது, நீயும் உன் தோழிகளும் புலாவ் உபின் தீவுக்குப் போன படங்கள். நாலைந்து பாதி வந்திருக்கிறது: மேலே உங்கள் தலைகள், கீழே வெறும் சாம்பல் நிறம். மன்னித்துவிடம்மா. அந்தப் பிள்ளைகளிடம் பிரதி இருக்கிறதா என்று கேட்டுப்பார்.

மீண்டு வந்ததில் ஒன்று, நான் சீருடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் படம். எப்போது எடுத்தாய்? படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன், இப்போது எனக்கு அதெல்லாம் தெரியும். ஷட்டர் 1/8 வினாடி. உன் பாட்டி கணக்கில் அரைக்கால். பக்கத்து மின்விசிறியின் இறக்கைகள் கரைந்து வட்டமாகிவிட்டன, என் சட்டைப் பொத்தானோ துல்லியமாக இருக்கிறது. ஃபிளாஷ் போடவில்லை. நானும் கையில் பிடித்து அரைக்கால் வினாடியில் எடுத்துப் பார்த்தேன், பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. நீ மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாயா, மூச்சை அடக்கினாயா? எழுது, எனக்கு அது தெரிய வேண்டும்.

மூன்றாம் வாரம் கரையோரப் பூந்தோட்டத்தின் சூப்பர்ட்ரீ தோப்பில் 7:45 மணி விளக்குக் காட்சி, ஷட்டர் திறந்திருக்கும்போதே லென்ஸின் ஜூம் வளையத்தைச் சுழற்றி எடுப்பது. அழகுதான், ஆனால் எல்லார் படமும் வாணவெடி மாதிரி ஒன்றுபோலவே இருந்தது. கடைசி வாரம் ஆளுக்கொரு படம் சமூக மன்றத்தில் மாட்டுகிறார்கள். நான் பஸ்ஸைத்தான் கொடுத்தேன். தூங்கும் படத்தைக் கொடுக்கச் சொன்னார் ஆசிரியர், அது நான் எடுத்ததில்லை என்று சொல்லிவிட்டேன்.

214 படங்களும் பென்டிரைவில் இருக்கின்றன, அம்மா அனுப்பும் பார்சலில் வரும். உனக்குப் புதுக் கார்டு ஒன்று வாங்கியிருக்கிறேன், பழையதை இனி நான் தொடமாட்டேன். கேமராவை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே, அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முதல் பத்து நிமிடம் அம்மாவிடம் பேசிவிட்டு, கோபம் தணிந்ததும் என்னிடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா