பதியும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்குப் புதுமையான பெயர் வைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயர் பெற்றோரின் விருப்பம், மற்றவர்கள் வாயைத் திறக்கவே கூடாது என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

உறவுக்காரர்கள் அடிக்கும் கூத்து எனக்கும் தெரியும். எங்கள் உறவில் சமீபத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். வரிசையாக இதயக்குறிகள், "சூப்பர்", "வித்தியாசமா இருக்கு". கொஞ்ச நேரத்தில் தனித்தனியாக ஃபோன் ஆரம்பித்தது. "இது என்னடி பேரு, வாயிலயே நுழையல?" "பையனா பொண்ணான்னே தெரியலையே." ஒரு பெரியம்மா, "நான் பாப்பான்னே கூப்பிட்டுக்கறேன்" என்று முடித்துக்கொண்டார். குழந்தையின் அம்மா காதுக்கு இதெல்லாம் போகாமல் இருக்குமா? போனது. பெயரைப் பதிந்து சான்றிதழும் வாங்கிய பிறகு இந்தப் பேச்சால் யாருக்கு என்ன லாபம்? சரியாக உச்சரிக்கப் பழகிக்கொள்வதுதான் இனி நம் வேலை. குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் தானாக வந்துவிடும்.

ஆனால் பதிவதற்கு முன்பு, நெருங்கியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் தப்பில்லை. சொல்லத்தான் வேண்டும் என்பேன். நியூஸிலாந்தில் 2008இல் வெளியே வந்த ஒரு வழக்கு பலருக்கு நினைவிருக்கலாம். 'ஹவாயைச் சேர்ந்த டலுலா ஹூலா நடனம் ஆடுகிறாள்' என்ற முழு வாக்கியத்தையே மகளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள் பெற்றோர். ஒன்பது வயதுச் சிறுமி, கேலிக்குப் பயந்து தோழிகளிடம்கூடப் பெயரைச் சொல்லாமல், 'கே' என்று மட்டும் சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறாள். பெயரை மாற்றுவதற்காகவே நீதிபதி அவளைத் தற்காலிகமாக நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைத்தார். பதினாறாம் எண் பஸ் ஷெல்டர் என்றுகூட அங்கே ஒரு குழந்தைக்குப் பெயர் பதிவாகியிருப்பதை அவரே தீர்ப்பில் குறிப்பிட்டார்! அந்தச் சிறுமியின் பெற்றோரிடம் ஒரு அத்தையோ சித்தப்பாவோ முன்கூட்டியே பேசியிருந்தால் விஷயம் கோர்ட் வரை போயிருக்குமா?

அபூர்வமான பெயர் என்பது வேறு, அவஸ்தையான பெயர் என்பது வேறு. யாருமே கேள்விப்படாத பெயராக இருந்தாலும், ஒருமுறை சொன்னால் புரிகிறது, எழுத வருகிறது என்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சாதாரணப் பெயரையே எடுத்து, தனித்துத் தெரியட்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைக் கூட்டி ஒன்றைக் குறைத்து எழுதுவதுதான் பெரிய தொல்லை. அந்தப் பிள்ளை எந்த கவுன்ட்டரில் நின்றாலும் எழுத்தெழுத்தாகச் சொல்லியாக வேண்டும். சொல்லியும் அட்டையில் தப்பாகத்தான் அச்சாகும், அப்புறம் அதைத் திருத்த அலைய வேண்டும். ஜப்பானில் பெயரை எழுதும் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் வைப்பது பெருகி, 2025 மே மாதம் அதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடே கொண்டுவந்துவிட்டார்கள்.

கட்டுரையில் பெயர் வைத்த அம்மா அப்பாக்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அடுத்த முறை, அப்படிப்பட்ட பெயரோடு வளர்ந்து இன்று வேலைக்குப் போகிறவர்களிடமும் நாலு வார்த்தை கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி