பவரைக் கொஞ்சம் குறையுங்கள்: வைஃபை மாட்டித் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடு, அலுவலகம், விடுதி என்று போய் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தருகிற பெட்டி) மாட்டித் தருகிற நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் வேலை லேசானதில்லை. ஏணியில் ஏறி, சுவரைத் துளைத்து, கேபிள் இழுத்து முடித்துவிட்டு, கடைசியில் "சிக்னல் புல்லா வருதா பாருங்க" என்று கேட்கிறீர்கள். நாங்களும் போனைப் பார்த்து, எல்லாக் கோடும் இருக்கிறது என்று தலையாட்டிவிடுகிறோம். பிரச்சினையே அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் வீட்டில் மாடிக்கு ஒன்றாக மூன்று பெட்டி மாட்டினோம். கீழே வைஃபையில் பேசிக்கொண்டே படி ஏறினால் பாதிப் படியில் குரல் உடையும், மேலே போய்ச் சேர்வதற்குள் போன் கால் கட்டாகிவிடும். தலைக்கு மேலேயே ஒரு பெட்டி இருக்கிறது, ஆனால் போன் கீழே இருப்பதையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புகார் சொன்னதும் வந்து பார்த்தவர் மூன்றிலும் பவரை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போனார். அதன்பிறகு இன்னும் மோசமானது. பல நாள் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதனால்தான் இந்த மடல்.

நாம் பேசிக்கொண்டே போகும்போது, மொபைல் நெட்வொர்க்கில் அடுத்த டவருக்கு எப்போது மாறுவது என்பதை நெட்வொர்க் முடிவு செய்கிறது. வைஃபையில் அந்த முடிவு போனுடையது. ஆக்சஸ் பாயிண்ட் யோசனை சொல்லலாம், மிஞ்சிப்போனால் இணைப்பைத் துண்டிக்கலாம், அவ்வளவுதான். ஐபோன் எப்படி முடிவெடுக்கிறது என்பதை ஆப்பிளே வெளியிட்டிருக்கிறது: இப்போதைய சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகப் போக பலம் கூடும்) கீழே இறங்கினால்தான் வேறு பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும். தேடிக் கண்டுபிடித்தாலும், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் புதியதன் சிக்னல் 8 டிபி, சும்மா இருந்தால் 12 டிபி (டிபி என்பது இரண்டு சிக்னலுக்கு இடையிலான வித்தியாசத்தை அளக்கும் அலகு) கூடுதலாக இருந்தால்தான் தாவும். இப்போது யோசியுங்கள், எல்லாப் பெட்டியையும் முழுப் பவரில் வைத்தால் கீழ்மாடியின் சிக்னல் மேல்மாடியிலும் மைனஸ் 65க்குக் குறையாமல் நிற்கலாம், அப்போது போனுக்குத் தேட வேண்டிய அவசியமே வராது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெட்டி பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் பேசுவது பெட்டிக்கும் கேட்க வேண்டும். போனின் ஆண்டெனாவும் சின்னது, அது அனுப்பும் பவரும் பொதுவாகக் குறைவு. பெட்டியின் பவரை மட்டும் ஏற்றினால் திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் நாம் பேசுவது எதிர்முனைக்குப் போகாது.

ஆகவே குறையுங்கள். 3 டிபி குறைத்தால் பவர் பாதியாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே, அப்படிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே நடந்து பாருங்கள். இரண்டு பெட்டிகளின் எல்லை சந்திக்கிற இடத்தில் இரண்டுமே மைனஸ் 67 அளவில் இருந்தால் குரல் உடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும் என்பதால் அதை 5 கிகாஹெர்ட்ஸை விட இன்னும் இறக்கி வையுங்கள், அதில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 தவிர வேறு வேண்டாம். 1, 2 எம்பிபிஎஸ் போன்ற பழைய குறைந்த வேகங்களை நிறுத்திவிட்டால், எட்டத்தில் போய்விட்ட போன் பழைய பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு இழுபடுவதும் குறையும். பலவீனமான போனைத் தானாக வெளியேற்றும் செட்டிங் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் கடைசி வரை தொடாதீர்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவரை அது திரும்பத் திரும்பத் துண்டித்துவிடும்.

அப்புறம் 802.11 கே, வி, ஆர் என்று வைஃபையில் இருக்கிற மூன்று கூடுதல் வசதிகள். இந்த மூன்றையும் ஆன் செய்தால் ரோமிங், அதாவது பெட்டி விட்டுப் பெட்டி தாவுவது, தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. கே பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைப் போனுக்குத் தரும், வி "அங்கே போ" என்று பரிந்துரைக்கும், ஆர், போன் பெட்டி மாறும்போது நடக்கும் பாதுகாப்புச் சாவிப் பரிமாற்றத்தைச் சுருக்கும். ஆளாளுக்குத் தனி லாகின் உள்ள அலுவலகத்தில் ஆர் பெரிய உதவி, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு தாவலுக்கும் சர்வரிடம் போய் அனுமதி வாங்கி வர நேரமாகும். ஒரே பாஸ்வேர்டு உள்ள வீட்டில் அதனால் கிடைக்கும் லாபம் குறைவு. ஆர் 2008லேயே வந்த தரம்தான், இருந்தும் சில பிரிண்டர்களும் ஸ்மார்ட் பல்புகளும் அதைக் கண்டால் இணைய மறுக்கும். ஆன் செய்தால் வீட்டில் உள்ள எல்லாக் கருவியையும் ஒருமுறை சோதித்துவிட்டுப் போங்கள்.

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கட்டும். "ஹால்", "மாடி" என்று தனித்தனிப் பெயர் வைத்தால் போனுக்கு அவை வேறு வேறு நெட்வொர்க். ஐபி முகவரி கொடுக்கிற ரவுட்டர் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆக்சஸ் பாயிண்ட் மோடில். இரண்டாவது பெட்டியும் ரவுட்டராகவே ஓடினால் தாவும்போது முகவரி மாறி, போன் கால் கட்டாகிவிடும். கேபிள் இழுக்க வழி இருக்கும் இடத்தில் தயவுசெய்து ரிப்பீட்டரைச் செருகாதீர்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் ஐந்தே நிமிடம் கொடுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் ஒரு கால் போட்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சாதாரணமாகப் பேசியபடி நடந்துவிட்டு வாருங்கள். குரல் உடைகிற இடம் எதுவோ அங்கே நின்று பவரைச் சரிசெய்யுங்கள். முடிந்ததும் எந்தப் பெட்டிக்கு எந்தச் சேனல், எவ்வளவு பவர் என்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள், அடுத்து வருகிறவர் எதையும் உச்சத்துக்கு ஏற்றிவிடாமல் இருக்க.