கஞ்சிராவுக்குச் சொந்தம் கொண்டாடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சலங்கைத் தகடு பதித்த சிறு கைப்பறையான கஞ்சிராவைப் பற்றி, பினாங்கு நவராத்திரிக் கச்சேரிக் குறிப்பேட்டில் "கஞ்சிராவைப் படைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை" என்று எழுதியிருக்கிறாய். அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை மாற்றிவிடு. "அரபு தஃப் பறையிலிருந்து வந்தது, மலாய்க் கொம்பாங் பறைக்குப் பங்காளி" என்று உன்னோடு மல்லுக்கு நிற்கும் நண்பர் சொல்வதும் பாதிதான் சரி.

வளையச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் ஒட்டிய வாத்தியம் மேற்காசியாவில் மிகப் பழையது. தேவாரத்தில் வரும் மொந்தையும் ஒருகண் பறைதான்; ஆனால் அதில் சலங்கைத் தகடு இருந்ததற்குச் சான்று இல்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் தோற்கருவிகளில் கஞ்சிரா இல்லவே இல்லை. கஞ்சிராவில் போடும் உடும்புத் தோலைக் காட்டித் தமிழனுடையது என்றும் வாதாட முடியாது. ஒடிசாவின் கஞ்சணி என்ற கைப்பறையிலும் அதே தோல்தான். பஜனையில் தட்டிக்கொண்டிருந்ததை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் மான்பூண்டியா பிள்ளை. அதை எழுது, போதும். அதுவே பெரிய காரியம்.

கொம்பாங் ஒப்பீடு எங்கே உடைகிறது தெரியுமா? கொம்பாங்கின் ஆட்டுத் தோலை வாசிக்குமுன் இறுக்குவார்கள். தோலுக்கும் கட்டைக்கும் இடையே செடாக் என்ற பிரம்பு வளையத்தைத் திணிப்பார்கள். கஞ்சிராவில் நேர்மாறு. 7 முதல் 9 அங்குல பலாக்கட்டையில் மெல்லிய தோல் விறைப்பாக ஒட்டியிருக்கும். உலர்ந்திருந்தால் 'டப்'பென்று மேல்சுருதியில் கத்தும். உட்புறம் சில துளித் தண்ணீர் தெளித்து, விரலால் சீராகத் தேய்த்து, ஊறும்வரை பொறுத்தால்தான் கும்காரம் என்ற ஆழ்ந்த 'கும்' ஓசை இறங்கும். மிச்சத்தை விளிம்பருகே இடக்கை விரல் கொடுக்கும் அழுத்தம் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் ஓசை செத்துவிடும். அப்போது துணியால் ஒற்றி, ஆறவிடு; அவசரப்பட்டு அனலில் காட்டினால் தோல் கிழியும். ஏர்கான் மண்டபத்தில் இன்னொரு தொல்லை: ராகம் தானம் முடிவதற்குள் தோல் உலர்ந்து சுருதி ஏறிவிடும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குச் சற்று முன் மறுபடி நனை.

சென்னையிலிருந்து உடும்புத் தோல் கஞ்சிரா வாங்கிவரும் யோசனை வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் உடும்பைக் காக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆட்டுத் தோல் போட்டதை வாங்கு. தடிமன் கூடுதல் என்பதால் முன்கூட்டியே நனைக்க வேண்டும், கும்காரமும் அவ்வளவு ஆழம் போகாது. செயற்கைத் தோலோ தண்ணீரே குடிக்காது. அதில் எல்லாப் பாரமும் உன் இடக்கைக்குத்தான்.

அன்புடன்,
அண்ணன்